எட்டாம் நாள் சாத்திய கதவு

மூன்று வருடங்களுக்கு முன், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த மூன்றாம் மாடி வீட்டில் நடந்தது இது. அங்கே பிரதான வீதியான காலி வீதியில் பஸ்ஸுக்குள் மாரடைப்பு வந்து என் கணவர் இறந்து, அன்று எட்டாம் நாள். அவருக்கு நாற்பத்தொரு வயது. மகளுக்கு ஆறு.

வந்தவர்கள் எல்லோரும், "கடவுள் ஒரு காரணத்தோடதான் செய்வார்" என்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு பிள்ளையிடமிருந்து தகப்பனைப் பறிக்க அப்படி என்ன காரணம்? துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, உள்ள வீட்டில் சாமி கும்பிடக்கூடாது என்பது எனக்கு வசதியாகப் போய்விட்டது. சாமிப் படம் இருந்த பக்கமே நான் திரும்பவில்லை.

எட்டாம் நாளை எங்கள் ஆட்கள் எட்டுச் செலவு என்பார்கள். இறந்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து, விளக்கேற்றிப் படைத்து, கதவு யன்னலைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். அவர் வந்து சாப்பிட்டுப் போவாராம். ஊரில் என்றால் முற்றத்தில் நிற்கலாம். நாங்கள் பத்துப் பேரும் வெளியே நடைவழியில், லிப்டுக்குப் பக்கத்தில் நின்றோம். பின்னேரம் நான்கு மணி இருக்கும். லிப்ட் ஆளில்லாமல் எங்கள் மாடிக்கு வந்தது, திறந்தது, தானே மூடிக்கொண்டு கீழே போனது. என் கணவரின் தாய், நான் மாமி என்று கூப்பிடுபவர், அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

அரை மணி நேரம் போனதும் மகள் என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, தண்ணி விடாய்க்குது."

"பொறு பிள்ளை, அப்பா சாப்பிட்டு முடிக்கட்டும்" என்றார் மாமி.

எட்டு நாளாக அடக்கிவைத்த கோபம் எனக்குப் பொங்கியது.

"செத்த மனுசன் வந்து சாப்பிடப் போறாரே மாமி? உயிரோட இருக்கிற பிள்ளைக்குத் தண்ணி வேணும்!"

மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போய்ப் பூட்டில் திறப்பை நுழைத்தேன்.

உள்ளே கதிரை இழுபட்டது.

சாப்பிட உட்காரும்போது அவர் கதிரையைத் தூக்கவே மாட்டார், நிலத்தில் தேய்த்துத்தான் இழுப்பார். கீழ்வீட்டார் முறைப்பாடு சொல்வதால் நாளுக்கு மூன்று தடவை ஏசுவேன். அதே சத்தம், அதே நீளம். நான் திறப்பைத் திருப்பவில்லை. மகள் அண்ணாந்து என்னைப் பார்த்து மெதுவாக, "அப்பா" என்றாள்.

மாமிக்கும் கேட்டிருக்க வேண்டும். எங்கள் இருவரையும் பிடித்து மாடிப்படிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனார். நாலு படிதான் இறங்கியிருப்போம். வீடு வெடித்தது. நாங்கள் நின்ற இடத்தில் கதவு வந்து விழுந்தது. மற்றவர்கள் லிப்ட் பக்கம் ஒதுங்கி நின்றதால் சிராய்ப்புகளோடு தப்பினார்கள்.

பிறகுதான் விளங்கியது. அடுப்பில் விட்டிருந்த தேங்காய்ப்பால் சொதி பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது. என்னோடு சமைத்த அவரின் தங்கை, என் மச்சாள், காஸை நிற்பாட்டியிருப்பாள் என்று நான் நினைத்தேன், நான் நிற்பாட்டியிருப்பேன் என்று அவள் நினைத்தாள். காஸ் அறை முழுக்கப் பரவி, படையல் விளக்கில் பற்றிக்கொண்டது. யன்னலைச் சாத்தியதால்தான் வெடித்தது என்றும் சிலர் சொன்னார்கள். அதுவும் உண்மைதான். கதிரை மேல்வீட்டில் இழுபட்டிருக்கும் என்றாள் மச்சாள். இருக்கலாம். மேலே போய் விசாரிக்க எனக்கு இன்றுவரை துணிவு வரவில்லை.

இப்போது மறுபடி சாமி கும்பிடுகிறேன். அவரை ஏன் எடுத்தாய் என்று இன்றும் சண்டைதான் பிடிக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும்போது என் பிள்ளையின் கை என் கைக்குள் இருக்கிறது என்பதை மட்டும் நான் மறப்பதில்லை.