சந்தனத்தின் மேல் போட்ட பழி

மாமா அந்தச் சாவியைக் கொடுத்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. முதலில் சட்டை நுனியால் துடைத்தார். பிறகு இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினார், ஏதோ அவர்தான் தப்புச் செய்தவர் போல.

கொஸ்லந்தைக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து உச்சியில் ஒரு சீமெந்து அறையும் இரும்புக் கோபுரமும் இருக்கின்றன. அமெச்சூர் வானொலிக்காரர்களான எங்கள் குழுவின் ரிப்பீட்டர் அங்கேதான். பள்ளத்தில் கைக்கருவியில் பேசுபவரின் மெலிந்த குரலைக் கேட்டு, பதுளை வரைக்கும் உரக்கத் திருப்பிச் சொல்லும் பெட்டி அது. மண் சரிந்து தொலைபேசி செத்துப்போகும் நாட்களில் லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனத்துக்கு அதுதான் வாய். குழுவில் தோட்டத்துப் பிள்ளை நான் ஒருவன்தான். எங்கள் வீட்டில் முதலில் படித்தவனும் நானே. எனக்கு வேலை பதுளையில் என்பதால், எங்கள் லயத்தின் கடைசி அறையான காம்பராவில் இருந்த மாமாதான் வாராவாரம் மேலே ஏறி, மானாப்புல் வெட்டி, பற்றரி துடைத்து, போனில் சொல்வார்: "பச்ச லைட்டு எரியுது தம்பி, நிம்மதியா சோறு தின்னு."

ஓர் ஆயுத பூசைக்கு, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு வைப்பதுபோல ரிப்பீட்டருக்கும் சந்தனம் வைத்தார். "இதுவும் ஒழைக்கிற சாமான்தானே." அடுத்த அடைமழையில் ரிப்பீட்டர் செவிடானது. கீழ்லயத்தின் பின்சுவர் வெடித்தபோது, நாங்கள் கொடுத்திருந்த கருவியில் அவர்கள் கூப்பிட்டது யாருக்கும் கேட்கவில்லை. தாமாகவே ஓடித் தப்பினார்கள்.

குழுத் தலைவர் வந்து, பெட்டியில் காய்ந்திருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். "யாருடைய வேலை?" என்று சிங்களத்தில் கேட்டார். அந்தக் கணம் எனக்குக் கோபுர உச்சிதான் நினைவுக்கு வந்தது. மழைக்கு முன் அன்டனா வயரின் இணைப்பைப் பூட்டியவன் நான். பெரகலையில் கடைசி பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில், தண்ணீர் புகாமல் சுற்றவேண்டிய ரப்பர் டேப்பைச் சுற்றாமல் இறங்கியிருந்தேன். அதைச் சொல்லவில்லை. "மாமாதான் வைத்தார். ஈரம் உள்ளே போயிருக்கும்" என்றேன். படித்தவன் சொன்னால் நம்பாமலா? மாமாவிடமிருந்த அறைச் சாவியை வாங்கிவிடச் சொன்னார். வாங்கினேன்.

மறுநாள் தனியாகக் கோபுரத்தில் ஏறி அந்த இணைப்பை வெட்டினேன். உள்ளிருந்த தண்ணீர் என் மணிக்கட்டில் வழிந்தது. வயரை மாற்றினேன், ரிப்பீட்டர் பேசியது. குழுவுக்கு, "சுத்தம் செய்தேன்" என்று எழுதினேன்.

லயத்தில் மாமாவுக்கு 'ரேடியோவுக்குச் சாந்தி செஞ்சவரு' என்று கேலிப் பேர் விழுந்தது. புல் வெட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. மழையில் நனைந்துகொண்டு நின்றவரை ஒருநாள் அறைக்குள் கூப்பிட்டேன். "வேணாங்க தம்பி. நம்ம கை அதுக்கு ஆகாது" என்றார்.

இரண்டு வருடம் கழித்து, இந்த மழைக்காலத்தின் தொடக்கத்தில்தான் அவர் வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிக்க வெச்சது நல்லாப் பொய் சொல்லத்தானாக்கும்?"

"நீ சும்மா இரு" என்ற மாமா, கத்தி தீட்டுவதை நிறுத்தவில்லை. "எனக்குத் தெரியுங்க தம்பி. அன்னைக்கே கோபுரத்தடியில டேப்பு கெடந்துச்சு. உறை கூட பிரிக்கல."

"அப்ப ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா ஒங்கள வெளிய போட்டுருவாங்க. அந்தக் கூட்டத்துல நம்மாளுன்னு வேற யாரு இருக்கா?"

தலைவரிடம் உடனே சொல்லிவிடுகிறேன் என்றேன். மாமா கத்தியின் கூர்மையைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். "மழ முடியட்டும். இப்ப ஒங்கள எடுத்துட்டா கோபுரத்துல யாரு ஏறுவா?"

மழை விட்டு மூன்று வாரமாகிறது. நான் இன்னும் சொல்லவில்லை.