ஒரு காய்க்கு ஒரு வாளி

நினைவு மலர்களில் மறைந்தவரை ‘அமைதியே உருவானவர்’ என்று எழுதுவது வழக்கம். எங்கள் அண்ணாவைப் பற்றி அப்படி எழுதினால், மலரை வாங்கிய கையோடு எங்கள் ஒழுங்கைச் சனம் முழுவதும் சிரிக்கும். அண்ணா சண்டைக்காரர். யார் மீதும் கை நீட்டியதில்லை, தூஷணம் பேசியதில்லை. ஆனால் சரி என்று பட்டதிலிருந்து ஓர் அங்குலமும் நகரமாட்டார். அவர் கடைசியாகப் பிடித்த சண்டை இன்னும் முடியவில்லை. அதனால் அவருடைய தங்கையாகிய நான் இதைக் கண்ணீரோடு மட்டும் எழுதவில்லை, கோபத்தோடும்தான் எழுதுகிறேன்.

அண்ணா குச்சவெளியில் பிறந்தார். கடலோரக் களப்பில் இறால் பிடித்த எங்கள் அப்பாவுக்கு அவர் மூத்த பிள்ளை, நான் கடைசி. அப்பா காலமானபோது அண்ணா பள்ளிக்கூடத்தை விட்டார். பிறகு யுத்தத்தில் ஊர் கலைந்தபோது அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு திருகோணமலைக்கு வந்தார். கிடைத்த கூலி வேலை எல்லாம் செய்து, கடைசியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீற்றர் பார்க்கும் வேலையில் சேர்ந்தார். என்னைப் படிப்பித்ததும் கட்டிக்கொடுத்ததும் அந்த நடைதான். துறைமுக மதிலோரத்துக் குறுகிய ஒழுங்கையில் அவர் வாங்கிய சிறிய வீட்டுக்குப் பக்கத்து வீட்டிலேயே நானும் குடிவந்தேன்.

மீற்றர் பார்த்தவருக்கு எந்த வீட்டுக்குள் எவ்வளவு தண்ணீர் போகிறது என்று தெரியும். ஓய்வு பெற்ற பிறகு, அது வெளியே வந்து எங்கே போகிறது என்று பார்க்கத் தொடங்கினார். எங்கள் ஒழுங்கையின் பதினொரு வீட்டிலும் பாத்திரம் கழுவிய குசினித் தண்ணீரும் மதிலோரமாக ஆறடி அகல நிலத்தில் தேங்கி நாறிக் கிடந்தது, இரவானால் நுளம்பு கடி. அதற்கு மேலே ஊர்க் குப்பை.

“காசு குடுத்துத் தண்ணியை எடுத்து நுளம்பு வளர்க்கிறம்,” என்றார் அண்ணா. அடுத்த நாள் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

ஒவ்வொரு வீட்டுத் தண்ணீர் விழும் இடத்திலும் குழி வெட்டி வாழை வைத்தார். உப்புக் காற்றை மறிக்கப் பூவரசு. அதற்கு உள்ளே தேசி என்கிற எலுமிச்சை, மாதுளை, கொய்யா, முருங்கை, அன்னமுன்னா. மரங்களுக்குக் கீழே வல்லாரையும் பொன்னாங்காணியும். நான் சும்மா இருப்பேனா? போய்க் கேட்டேன்.

“வளவுக்குள்ள நட்டா வீட்டுக்கு உதவும். றோட்டில நட்டா ஆருக்கு, அண்ணா?”

“றோட்டில போறவைக்கு.”

மரங்கள் முதலில் காய்த்த வருடம் அவரும் பிழை விட்டார். ‘காய்களைப் பறிக்க வேண்டாம்’ என்று ஒரு பலகை எழுதித் தொங்கவிட்டார். சனம் பிஞ்சிலேயே பறித்தது. கோடையில் கச்சான் காற்று அடித்து நிலம் வெடித்தபோது ஒருவரும் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. அண்ணா காய்ச்சலில் படுத்திருந்த அந்த இரண்டு கிழமைக்குள், குசினித் தண்ணீர் எட்டாத ஏழு கன்றுகள் கருகிப் போயின. நான் ஒழுங்கைச் சனத்தைத் திட்டினேன். அண்ணா திட்டவில்லை.

“பிழை என்ரதான். பறிக்காதே எண்டு எழுதினா அது என்ர மரம். என்ர மரத்துக்கு அவை ஏன் தண்ணி ஊத்தவேணும்?”

பலகையைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தில் எழுதினார்: ‘பறியுங்கள். ஒரு காய்க்கு ஒரு வாளி.’ ஒழுங்கை வாசலில் இருந்த பொதுக்குழாய்க்குப் பக்கத்தில் ஒரு பழைய வாளியையும் கொழுவிவிட்டார். கிண்ணியாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவரும் சலீம் நானாதான் முதலில் இரண்டு தேசிக்காய் பறித்து இரண்டு வாளி ஊற்றினார். அடுத்த கிழமை மீன் பெட்டிக்கு மேலே ஓர் ஈரப்பலாக் கன்றைக் கட்டிக்கொண்டு வந்தார். இன்று அந்த மரத்தின் நிழலில்தான் எங்கள் ஒழுங்கைக் கூட்டங்கள் நடக்கின்றன.

ஒரே ஒரு விடயத்தில் வீட்டுக்குள்ளும் சண்டை. மரத்தடிச் சருகைக் கூட்ட அண்ணா விடமாட்டார். சருகு கிடந்தால்தான் மண் காயாது என்பார். காலையில் வாசல் கூட்டாவிட்டால் அண்ணிக்கு விடியாது.

“வாற சனம் என்னையெல்லோ ஊத்தை எண்டு சொல்லும்,” என்று அண்ணி அழுதே இருக்கிறார். நானும் அண்ணியின் பக்கம்தான்.

போன வருடம் ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அதன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை, அண்ணாவின் மலரில் அதற்கு இடமில்லை. துறைமுகத்தைப் பார்க்க வருகிறவர்களுக்காக மதிலோரத்தை அழகுபடுத்தப் போகிறார்களாம். மரங்களை எடுத்துவிட்டுப் புல்லும், வெளிநாட்டு அலங்காரப் பனையும், கலர் விளக்கும். வீட்டுக்கு ஒரு சம்மதக் கையெழுத்து வேண்டும் என்று ஓர் இளம் உத்தியோகத்தர் வந்தார்.

“காய்க்கிற மரம் எண்டா குப்பை, ஐயா. பழம் விழும், வௌவால் வரும்.”

“வௌவாலும் இந்த ஊர்தான், தம்பி. உங்கட பனை காய்க்குமோ?”

“இல்லை ஐயா, அது வடிவுக்கு.”

“அப்ப அதை உங்கட கந்தோருக்குள்ள கொண்டுபோய் வையுங்கோ.”

பதினொரு வீட்டிலும் ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அண்ணாவுக்கு நெஞ்சு வருத்தம் கடுமையானது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது சொத்தைப் பற்றியோ பிள்ளைகளைப் பற்றியோ அல்ல.

“கையெழுத்துக் கேட்டு வந்தா கோவிக்காதை. நாலு தேசிக்காய் பறிச்சுக் குடுத்து அனுப்பு. கையெழுத்து மட்டும் ஏலாது எண்டு சொல்லு.”

செத்த வீட்டன்று, உதவி செய்ய வந்த உறவுகள் நல்ல மனத்தோடு ஒழுங்கையைக் கூட்டிச் சருகைக் குவித்து நெருப்பு வைக்கப் போனார்கள். நான் தலைவிரி கோலமாக ஓடிப்போய் நெருப்புப்பெட்டியைப் பறித்தேன். அண்ணாவை உள்ளே கிடத்தியிருக்க, வெளியே நின்று இரண்டு கையாலும் சருகை அள்ளி மரத்தடிகளில் திரும்பப் போட்டேன். எனக்குப் பைத்தியம் என்று உங்களில் சிலர் நினைத்திருப்பீர்கள். அவர் இருந்தவரை ஒரு நாளாவது நான் அதைச் செய்திருக்கலாம். செய்யவில்லை. அந்தத் துக்கம் எனக்கு ஆறாது. நிமிர்ந்து பார்த்தபோது அண்ணியும் பக்கத்தில் இருந்து சருகு அள்ளிக்கொண்டிருந்தார்.

எட்டாம் நாள் எட்டுச்செலவு அன்று, படையல் எடுக்கமுன்னரே அந்த உத்தியோகத்தர் மறுபடி வந்தார். இந்த முறை அண்ணியிடம் தாளை நீட்டினார். ஒரு காலத்தில் மரத்தைத் திட்டாத நாளில்லாத அண்ணி எழுந்து நின்றார்.

“அவர் இல்லை எண்டா மரமும் இல்லை எண்டு நினைச்சியளோ?”

“கையெழுத்து இல்லாட்டியும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிஞ்ச திங்கட்கிழமை மரம் அரியிற வாளோட ஆக்கள் வருவினம், அம்மா. நான் என்ன செய்ய?”

நான் நாலு தேசிக்காய் பறித்து அவருடைய கையில் கொடுத்தேன். அவரும் பாவம், வாங்கிக்கொண்டார். பலகையைப் பார்த்தார். பிறகு குழாயடிக்குப் போய் நாலு வாளி ஊற்றிவிட்டுத்தான் போனார். அண்ணா பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். வருத்தத்தில் கிடந்தபோது இரவு பகல் பாராமல் பார்த்த தாதிமாருக்கும், வாகனம் தந்தவர்களுக்கும், பாடை சுமந்தவர்களுக்கும், சீனன்குடாவிலிருந்தும் கப்பல்துறையிலிருந்தும் வந்து நின்ற அண்ணாவின் வேலை நண்பர்களுக்கும், எங்கள் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரியாத நாட்களில் சோறும் ஈரப்பலாக் கறியும் முருங்கையிலைச் சுண்டலும் கொண்டுவந்த மற்ற ஒன்பது வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்தக் கறிகள் எந்த மரத்திலிருந்து வந்தன என்று நான் சொல்லத் தேவையில்லை.

அந்தியேட்டிக்கு வந்தவர்களுக்குப் பெயர் பொறித்த எவர்சில்வர் தட்டோ கிண்ணமோ கொடுப்பது எங்கள் வழக்கம். நாங்கள் இந்த மலரோடு உங்களுக்கு ஒரு வாளி தந்திருக்கிறோம். கிழவிக்கு விசர் என்று சொல்லாதீர்கள். அதில் அண்ணாவின் பெயர் இல்லை, அவர் தன் பெயரை எந்த மரத்திலும் எழுதியதில்லை. தயவுசெய்து அதை வீட்டுக்குக் கொண்டுபோய் அலுமாரிக்கு மேலே வைக்க வேண்டாம்.

வருகிற திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நாங்கள் பதினொரு வீட்டாரும் மரத்தடிகளில் நிற்போம். வாளோடு வருகிறவர்கள் வரட்டும். மரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது குற்றம் என்று எந்தச் சட்டமும் சொல்வதாக எனக்குத் தெரியவில்லை. மலர் வாங்கிய உங்களில், இந்த ஒழுங்கையால் போகும்போது ஒரு காயாவது பறிக்காதவர் யாரும் இல்லை.

குழாய் திறந்திருக்கும். வாளியோடு வாருங்கள்.