தெர்மாகோல் வைக்காத பக்கம்

மூன்று வருடங்களுக்கு முன், தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழ் வீட்டில் ஒரு அம்மாவும் மகளும். மகளுக்கு இருபத்தொன்பது வயது. சிறு வயதில் வெந்நீர் கொட்டியதில் இடது கன்னத்திலிருந்து தாடை வரை தழும்பு. இரண்டு வருடமாக வரன் தேடிக்கொண்டிருந்தார்கள்.

புகைப்படம் எடுப்பது எனக்குப் பொழுதுபோக்கு. கேமரா செகண்ட் ஹேண்ட். விளக்குகள் வாங்க வசதியில்லை. துணி காயப்போடும் ஸ்டாண்டில் கட்டிய ஒரு எல்.இ.டி. பல்பு, வெளிச்சம் உறுத்தாமலிருக்க அதன் முன்னால் பட்டர் பேப்பர், நிழல் விழும் பக்கத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பிவிட டி.வி. பெட்டியோடு வந்த தெர்மாகோல் அட்டை. என் ஸ்டூடியோ அவ்வளவுதான்.

ஜாதகத்தோடு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று அந்த அம்மா கேட்டார். "ஸ்டூடியோல எடுத்தா மூஞ்சில மாவு பூசின மாதிரி வருது தம்பி. நீங்களே எடுத்துக் குடுங்க."

எதையும் மறைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. நானாகத்தான் பல்பை மகளின் வலப்பக்கம் வைத்தேன். முகத்தைச் சற்று இடப்பக்கம் திருப்பச் சொன்னேன். வழக்கமாக நிழல் பக்கம் வைக்கும் தெர்மாகோலை அன்று சுவரில் சாய்த்து வைத்துவிட்டேன். தழும்பு இருட்டுக்குள் போய்விட்டது. கம்ப்யூட்டரில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் வெறும் வெளிச்சத்தால் செய்தோமே என்று எனக்குப் பெருமை.

"எவ்ளோ லட்சணமா இருக்கா," என்றார் அம்மா. மகள் கேமராவின் சின்னத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "யாருண்ணா இது?" என்று கேட்டுச் சிரித்தாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

படத்தைப் பார்த்ததுமே சரியென்று சொன்ன முதல் வரன் கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தது. பெண் பார்க்க ஐந்து பேர். நாற்காலி போதாமல் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு எடுத்துப்போன நான், கதவோரமாக நின்றுவிட்டேன். மகள் வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளையின் அக்கா போனை எடுத்தார். திரையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், திரையை விரலால் பெரிதாக்கினார்.

"இது போட்டோல இல்லியே ஆன்ட்டி?"

"சின்ன வயசுல வெந்நீர் கொட்டிடுச்சும்மா. நேர்ல பேசிக்கலாம்னு..."

"தழும்பு ஒரு மேட்டரே இல்ல ஆன்ட்டி. எங்கம்மாவுக்கே கைல இருக்கு. ஆனா இப்படி ஒளிச்சு எடுத்து அனுப்புனா, வேற என்னெல்லாம் ஒளிச்சிருக்காங்களோன்னு தோணுமா, தோணாதா?"

மாப்பிள்ளை காபி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா பொதுவாகக் கேட்டார்: "யார் எடுத்த போட்டோ இது?"

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்தேன்.

"நான்தான் அங்கிள் அப்படி எடுக்கச் சொன்னேன்," என்றாள் மகள்.

கால் மணி நேரத்தில் கிளம்பிவிட்டார்கள். டம்ளர்களில் காபி பாதிக்கு மேல் இருந்தது. என் இரண்டு நாற்காலிகளையும் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். அன்றும் அதற்குப் பிறகும் யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து அவள் மேலே வந்தாள். "இன்னொரு போட்டோ எடுக்கணும்ணா. லைட்ட இந்தப் பக்கம் வைங்க," என்று இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினாள்.

வைத்தேன். அன்று பழியை ஏன் நீ ஏற்றுக்கொண்டாய் என்று அப்போதாவது கேட்டிருக்கலாம். கொஞ்சம் நிமிர்ந்து உட்காரச் சொன்னேன், அவ்வளவுதான். படத்தில் தழும்பின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. பார்த்துவிட்டு, "இது போதும்," என்றாள்.

அந்தப் படம் போன பிறகு பெண் பார்க்க ஒருவரும் வரவில்லை. மறு வருடம் அவர்கள் மேடவாக்கத்துக்கு வீடு மாறிப் போனார்கள்.

இப்போதெல்லாம் யாரை உட்கார வைத்தாலும், பல்பை எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று முதலில் கேட்டுவிடுகிறேன். ஆனால் அன்று கதவோரத்தில் நின்று நான் சொல்லியிருக்க வேண்டியது, 'அவங்க சொல்லல, நானாத்தான் செஞ்சேன்' என்ற நான்கு வார்த்தைகள். அவற்றைச் சொல்ல வேண்டியவர்களிடம் இன்றுவரை சொல்லாமல்தான் வைத்திருக்கிறேன்.