இருநூறு அடியில் ஒரு மறுப்பு

கீர்த்தனா முதல் முறை விழுந்தது வானத்திலிருந்து அல்ல. பெங்களூரில், இரும்புக் கால்களில் நின்று ஆடும் ஒரு பெட்டிக்குள். உள்ளே ஏறினால் அச்சு அசலாக விமானத்தின் முன்னறை. சிமுலேட்டர். துணை விமானி வேலைக்கான பயிற்சியும் அதில்தான், பரீட்சையும் அதில்தான்.

அன்று திரை முழுக்க மூடுபனி. இருநூறு அடி உயரத்துக்கு இறங்குவதற்குள் ஓடுதளத்தின் விளக்கு தெரியாவிட்டால் மேலே ஏறிவிட வேண்டும். இடப்பக்க இருக்கையில் ஓட்டிக்கொண்டிருந்த தேர்வாளர் கேப்டன் சுரேந்திரன் இறக்கிக்கொண்டே போனார்.

"சார், லைட் தெரியலைங்க."

"எனக்குத் தெரியுது. பேசாம இரும்மா."

"சரிங்க சார்."

திரை சிவந்தது. பெட்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. அவர் வேண்டுமென்றே செய்த தவறு அது. 'துணை விமானி பார்த்தார், தடுக்கவில்லை' என்று அறிக்கையில் எழுதினார். பத்து நாளில் இன்னொரு வாய்ப்பு. அதிலும் தோற்றால் வேலை இல்லை.

கட்டபெட்டுத் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான தங்கள் லயத்துக்கு வந்து சேர்ந்தாள். கொழுந்து பறித்துவிட்டு வந்த அம்மா காத்தாயி எல்லாவற்றையும் கேட்டாள்.

"தொரைக்கு 'சரிங்க', மேஸ்திரிக்கு 'சரிங்க'. சிலோன் தோட்டத்துல இருந்து கொண்டாந்த சாமான்ல அது ஒன்னுதான் இன்னும் ஒடையல. அத நீ ஆகாசத்துக்குமா தூக்கிட்டுப் போவ?"

விமான முன்னறையின் படத்தை அடுப்படிச் சுவரில் ஒட்டினார்கள். முன்னால் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கேப்டன் காத்தாயி, கையில் தோசைக் கரண்டி. ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பா வடிவேல் உயரம் சொன்னார்.

"முன்னூறு... இருநூறு..."

"கோ அரவுண்ட்மா. மேல ஏத்து."

"யாருகிட்ட பேசுற? நான் கேப்டன்!"

"சரிம்மா."

"போச்சு. நூத்தியம்பது சனமும் செத்துருச்சு. திரும்ப ஆரம்பி."

"ஒங்கம்மா ஓட்டுற பிளேன்ல நான் ஏற மாட்டேம்ப்பா" என்றார் வடிவேல்.

விதி எளிது: இரண்டு முறை சொல், கேட்காவிட்டால் பிடுங்கு. ஆறாம் நாள்தான் கீர்த்தனா கரண்டியைப் பிடுங்கினாள். காத்தாயியின் மணிக்கட்டில் நகக்கீறல். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "இப்பத்தான் வழிக்கு வார" என்றாள்.

இரண்டாம் தேர்வில் சுரேந்திரன் அதட்டவில்லை. அன்பாகப் பேசினார், அதுதான் கடினமாக இருந்தது.

"விளக்கு தெரிஞ்சிரும்மா. இறங்கிச் சூடா ஒரு டீ குடிப்போம்."

இருநூறு அடி வந்தும் திரையில் பனிதான். 'சரிங்க' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினாள்.

"கோ அரவுண்ட், சார்."

"பரவால்லம்மா."

"கோ அரவுண்ட்!"

அவர் இறக்கிக்கொண்டே இருந்தார். அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். "ஐ ஹேவ் கன்ட்ரோல்." இனி விமானம் அவள் கையில். எஞ்சின் சத்தம் ஏறியது. பெட்டி பின்னால் சாய்ந்து, மேலே போனது.

தேர்வு முடிந்து பெட்டிக்குள் விளக்குகள் எரிந்ததும் சுரேந்திரன் கேட்டார்: "இருபத்தாறு வருஷ சர்வீஸ் எனக்கு. நிஜ விமானத்துலயும் என் கையைத் தட்டிவிடுவியா?"

"தட்டிவிடுவேன் சார்."

"என் கையையா?"

"வெளிச்சம் தெரியலைன்னா யார் கையா இருந்தாலும்."

தாளில் 'தேர்ச்சி' என்று எழுதி நீட்டினார்.

கீர்த்தனா அழைத்தபோது காத்தாயி மலையில், முதுகில் பாதி நிறைந்த கூடையோடு நின்றிருந்தாள்.

"பாஸும்மா. கேப்டன் கையத் தட்டிவிட்டுட்டேன்."

"நல்லாத் தட்டுனியா?"

மேல் வரிசையிலிருந்து மேஸ்திரி கத்தினார்: "ஏய் காத்தாயி, போனை உள்ள வையி!"

போனைக் காதிலிருந்து எடுக்காமலே திரும்பினாள் காத்தாயி.

"இருங்க. எம் மககிட்ட பேசிட்டுத்தான் வருவேன்."