வாய் திறக்காத இஸ்திரிக்காரர்

அடையாறில் எங்கள் தெரு வேப்பமரத்தடியில் வண்டி போட்டிருந்தார் அந்த இஸ்திரிக்காரர். கரிப் புகையில் சிவந்த கண்கள், சட்டைக் காலரில் எப்போதும் நாலைந்து ஊக்குகள். தேய்க்க வந்த சட்டையில் ஏதாவது சீட்டு இருந்தால் பிரித்துப் பார்க்க மாட்டார். ஊக்கால் அந்தச் சட்டையிலேயே குத்தித் தந்துவிடுவார்.

எதிர்வீட்டு சீரியல் நடிகை இறந்த அன்று, நாட்டின் மனசாட்சிகள் நான்கு வேன்களில் வந்து இறங்கின. அந்த வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதனால் மைக்குகள் இஸ்திரி வண்டியைச் சூழ்ந்தன.

"அவங்க வீட்டிலேருந்து ஆம்பளைச் சட்டை வருமா?" என்று துக்கம் தோய்ந்த முகத்துடன் கேட்டார் ஒரு நிருபர்.

"துணி வந்தா தேய்ப்பேன், அவ்ளோதான்" என்றார் இவர்.

சாயங்காலம் டிவியில் இவர் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். கீழே, 'சட்டை மர்மம்: இஸ்திரிக்காரரின் பகீர் மௌனம்'. வாய் திறக்காதவரிடமே இவ்வளவு செய்தி கறக்கிறவர்களுக்கு விருது கொடுக்கலாம். நான் திட்டிக்கொண்டே எல்லா சேனலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

மறுநாள் துணி கொடுக்கப் போனபோது, டிவிக்காரர்களுக்கு வெட்கமே இல்லை என்று அவரிடம் பொரிந்து தள்ளினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, "நமக்குள்ள இருக்கட்டும், ஆம்பளைச் சட்டை வந்துச்சா?" என்றேன்.

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "உங்க வூட்டுத் துணியும் எங்கிட்டதான் சார் கீது."

மாலையில் என் சட்டை வந்தது. அதன் பையில் நான் மறந்துவிட்ட சீட்டு, மடிப்புக் கலையாமல் ஊக்கில் தொங்கியது.