ஊசி போடாத கோழி

எண்பதுகளின் தொடக்கத்தில் வேங்கிக்காலில் எங்களுக்கு ஒரு கோழிப்பண்ணை இருந்தது. பண்ணை என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கடலைக் கொல்லையின் ஓரத்தில் ஓலைக் கூரை, சுற்றிலும் கம்பி வலை, உள்ளே ஐந்நூறு பிராய்லர். கணவர் பஸ் கண்டக்டர், பாதி நாள் வண்டியோடு போய்விடுவார். கோழிகளை வளர்த்தது நான்தான். டவுனில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கறிக்கடை வைத்திருந்த பாய் அவற்றை வாங்கிக்கொள்வார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கூடைகளோடு நானே கடைக்குப் போயிருந்தேன். நல்ல கூட்டம். வரிசையில் நின்ற ஹைஸ்கூல் அறிவியல் வாத்தியார் கூடையைப் பார்த்துவிட்டு எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: "எட்டு வாரத்துல ஒரு கோழிக்கு இவ்ளோ கறி எப்படிங்க வரும்? ஊசி போட்டு ஊத வெக்கிறாங்க. இத தின்னா நமக்குத்தான் கேடு."

முன்னால் நின்ற இரண்டு பெண்கள் பையை மடித்துக்கொண்டு நகர்ந்துவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. இதே மனிதர் போன வாரம், "எலும்புதான் ஜாஸ்தி, பெருசா பாத்துக் குடுங்க பாய்" என்று கேட்டவர்.

"நான்தான் சார் வளக்கறேன். எந்த ஊசிய நீங்க பாத்தீங்க?"

"இதுல பாக்க என்ன இருக்கு? ஊருக்கே தெரிஞ்சதுதானே."

"அறிவியல் வாத்தியார் சொல்ற பதிலா இது? புதன்கிழமை புதுக்குஞ்சு வருது. வாரா வாரம் வந்து பாருங்க. அப்பறம் பேசுங்க."

"விடுங்கம்மா" என்று பாய் கெஞ்சினார். நான் விடவில்லை.

அவர் வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். புதன்கிழமை சாயங்காலம் சைக்கிளில் வந்து இறங்கினார். அதற்குள் நானும் ஒரு வேலை செய்திருந்தேன். கீழ்பென்னாத்தூரில் என் அம்மா வீட்டில் அந்த வாரம்தான் ஒரு நாட்டுக்கோழி குஞ்சு பொரித்திருந்தது. அதில் ஆறு குஞ்சுகளைக் கொண்டுவந்து, அன்று வந்து இறங்கிய பிராய்லர் குஞ்சுகளோடு விட்டேன். "அதே வயசு, அதே தீவனம், அதே தண்ணி. இதுல மருந்து கலந்திருந்தா அந்த ஆறும் ஊதணும் இல்ல சார்?" என்றேன். அடுத்த வாரம் வரும்போது அவர் பள்ளிக்கூடத்து வில் தராசைக் கையோடு கொண்டுவந்தார்.

நான் குஞ்சுகளின் கண்ணில் மருந்து விட்ட அன்று, "இது என்ன, இது என்ன?" என்று பாய்ந்து வந்தார்.

"வெள்ளைக்கழிச்சல் நோய் வராம இருக்கச் சொட்டு மருந்து சார். நாட்டுக்குஞ்சுக்கும்தான் விடறேன், பாருங்க."

ஆறாவது வாரத்தில் நாட்டுக்குஞ்சுகள் ஒரு கைக்குள் அடங்கின. வெள்ளைக் கோழிகளைத் தூக்க இரண்டு கை வேண்டியிருந்தது. வாத்தியார் மாற்றி மாற்றி நிறுத்துப் பார்த்தார். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "அப்ப எப்படிம்மா?" என்று கேட்டார்.

அரசாங்க மாட்டாஸ்பத்திரி டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குச் சொன்னேன். ஆயிரக்கணக்கான கோழிகளில் எது சீக்கிரம் எடை போடுகிறதோ அதை மட்டும் முட்டைக்கு நிறுத்துவார்கள். அதன் குஞ்சுகளிலும் அப்படியே பொறுக்குவார்கள். வெளிநாட்டில் எத்தனையோ தலைமுறையாக இதைச் செய்து வந்த இனம் இது. கூடவே மக்காச்சோளமும் பிண்ணாக்கும் மீன் தூளும் கலந்த தீவனம். "விதைக்கடலைக்குப் பெரிய கொட்டையா பொறுக்கறோம் இல்ல சார், அது மாதிரிதான்."

ஏழாவது வாரம் அவர் வந்தபோது, இருந்ததிலேயே பெரிய கோழி தீவனத் தட்டின் முன்னால் காலைப் பரப்பி உட்கார்ந்திருந்தது. தூக்கி நிறுத்தினேன். இரண்டு அடி வைத்துவிட்டு மார்பு தரையில் மோத விழுந்தது. நாட்டுக்குஞ்சு ஒன்று அதன் முதுகில் ஏறித் தட்டுக்கு ஓடியது.

"கறியப் பாத்துப் பொறுக்கினவங்க காலப் பாக்கலயா?" என்று கேட்டார் வாத்தியார்.

எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. ஜெயித்த இடத்தில் வந்து இப்படிக் கேட்கிறாரே என்று. ஆனால் குஞ்சு வாங்கி வளர்த்த ஒவ்வொரு ஈட்டிலும் இப்படி நாலைந்து கோழிகள் படுத்துக்கொள்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவற்றைத்தான் முதல் கூடையில் போட்டுக் கடைக்கு அனுப்புவேன். அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

வாத்தியார் நேர்மையானவர். அந்த ஞாயிற்றுக்கிழமை கடையில் நின்று, "ஊசியெல்லாம் இல்லீங்க, நானே கூட இருந்து பாத்தேன்" என்றார். "சாருக்கு ஓசியில கோழி போவுது போல" என்றான் ஒருத்தன். வரிசையே சிரித்தது. அவர் முகம் செத்துப்போய்விட்டது. சிரித்தவர்களில் ஒருத்தர்கூடக் கோழி வாங்காமல் போகவில்லை. அத்தனை பேரும் பெரிய கோழியைத்தான் கையைக் காட்டிக் கேட்டார்கள். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. ஊசி என்று சொல்லிவிட்டால் பழி என்னோடு போய்விடும். பெரிதாக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு அதில் பங்கில்லை.

மறுநாள் டாக்டரிடம் போய், காலும் நன்றாக இருக்கிற கோழியாகப் பார்த்து வளர்க்க முடியாதா என்று கேட்டேன்.

"முடியும்மா. ஆனா இவ்ளோ சீக்கிரம் எடை ஏறாது. வெலையும் கம்மியா இருக்காது. யார் வாங்குவாங்க?"

சொல்லிவிட்டு அவர் அடுத்த மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு யாரைப் பிடித்து உலுக்குவது என்று தெரியவில்லை. கொல்லைக்குத் திரும்பி, எழுந்து வர முடியாத கோழிகளின் பக்கத்தில் தட்டை நகர்த்தி வைத்தேன். அதற்குப் பிறகும் நாலு வருஷம் பண்ணை நடத்தினேன். ஒவ்வொரு வருஷமும் வந்த குஞ்சு முந்தியதைவிடச் சீக்கிரமாகப் பெருத்தது.