பாத்தியைக் கரைத்த ராக் பாட்டு

போன செவ்வாய்க்கிழமை ஒரு பாத்தி உப்பைக் கரைத்துவிட்டேன். பாட்டுப் பாடி.

மழையை வரவழைக்கிற ராகம் எதுவும் எனக்குத் தெரியாது. நான் பாடியது ராக் மியூசிக்.

இந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மரக்காணம் உப்பளத்தில் டீசல் இஞ்சின் ஓட்டுகிறவன். கால்வாய்த் தண்ணீரை இறைத்துப் பாத்திக்கு விடுவது என் வேலை. பள்ளிக்கூடம் என்னை ஐந்தாவதோடு கைகழுவிவிட்டது. நான் போனில் பேசி அனுப்புகிறேன், பத்திரிகைக்காரர்கள் திருத்திப் போடுகிறார்கள். ஆக, இங்கே நல்ல தமிழ் ஏதாவது கண்ணில் பட்டால் அது அவர்களுடையது. அசட்டுத்தனம் மட்டும் சொந்தச் சரக்கு.

ராக் மியூசிக் எனக்கு எப்படி ஒட்டியது? குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் இரண்டு வருஷம் பாத்திரம் கழுவினேன். அங்கே தங்கியிருந்த ஒரு வெள்ளைக்காரர் காலையில் பல் தேய்க்கும்போதே கிட்டாரை அலற விடுவார். என்ன பாடுகிறார்கள் என்று இன்று வரை எனக்கு ஒரு வார்த்தை புரியாது. யார் மேலேயோ பயங்கரக் கோபத்தில் இருக்கிறார்கள் என்பது மட்டும் புரியும். கைகட்டி வேலை பார்க்கிறவனுக்கு அது போதாதா?

ராக் பாடுகிறவனுக்கு முடி வேண்டும், ஆட்டுவதற்கு. என் தலை, உப்பை வழித்தெடுத்த பாத்தி மாதிரி மொட்டை. அதனால் துண்டைத் தலையில் கட்டி, இரண்டு முனையையும் தொங்கவிட்டுக்கொள்வேன். டிரம்ஸ்தான் பெரிய பிரச்சினையாக இருந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தேன்... என் இஞ்சின்! டொக் டொக் டொக் என்று தாளம் தப்பாமல் நாள் முழுக்க அடிக்கிற டிரம்மர் வேறு எங்கே கிடைப்பான்?

டீ டைமில் இஞ்சினை நிறுத்த வேண்டும். அது சட்டம். செவ்வாய்க்கிழமை நான் நிறுத்தவில்லை.

உப்பு வாருகிற பெண்கள் டீ கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். ராஜாத்தி அக்கா காலிச் சட்டியைக் கவிழ்த்துத் தட்ட ஆரம்பித்தார். நான் துண்டை ஆட்டிக்கொண்டு பாடினேன். வரிகள் எல்லாம் எங்கள் மேனேஜருடையவை. ஒவ்வொரு கேள்வியையும் மூன்று தடவை கேட்பது அவர் வழக்கம். யோசித்துப் பாருங்கள், அப்படியே பல்லவிதானே?

"ஏன் லேட்டு... ஏன் லேட்டு... ஏன்யா லேட்டு..."

சிரிப்பு அள்ளியது. அக்காவுக்குப் புரையேறிவிட்டது. மூன்றாவது பல்லவியில் திடீரென்று சட்டித் தாளம் நின்றது. எனக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதை எனக்கு எதிரே இருந்த முகங்கள் சொல்லிவிட்டன.

"முடிஞ்சிச்சா, இன்னும் இருக்குதா?" என்றார் மேனேஜர்.

"அவ்ளோதாங்க சார்."

"அப்ப இஞ்சின நிறுத்திட்டு, திரும்பி அந்தப் பாத்தியப் பாரு."

பார்த்தேன். தண்ணீர் ஒரு பாத்தியில் நிரம்பி, வரப்பைத் தாண்டி, பக்கத்துப் பாத்தியில் இறங்கிக்கொண்டிருந்தது. அது மறுநாள் வாருவதற்குத் தயாராக இருந்த உப்பு. டீயில் போட்ட சர்க்கரை மாதிரி கரைந்துகொண்டிருந்தது.

"டேய், எங்களையே தாளம் போட வெச்சி எங்க உப்பையே கரைச்சிட்டியேடா," என்றார் ராஜாத்தி அக்கா.

இதில் பெரிய விஷயம் வேறு. அடுத்த மாதம் மழை. அளத்தில் வேலை நின்றுவிடும். வரப்பையும் இஞ்சினையும் பார்த்துக்கொள்ள இரண்டே பேரை வைத்துக்கொள்வார்கள். அந்த லிஸ்ட்டை மேனேஜர் எழுதுகிற வாரம் அது. என் பெண்டாட்டி முன்பே சொல்லியிருந்தாள்: "மூணு மாசம் வூட்ல உக்காந்துக்கினு இந்தக் கத்து கத்துன, நான் பெருமுக்கலுக்கு எங்கம்மா வூட்டுக்குப் போயிடுவேன்."

சாயங்காலம் ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். போனேன். மேனேஜர் கதவைச் சாத்தினார். ஜன்னலையும் சாத்தினார். அடிக்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"முதலாளி மாதிரி பேச வருமா உனக்கு?"

"ஐயோ, அதெல்லாம் இல்லீங்க சார்."

"பொய் சொல்லாத. நீ அவர மாதிரி பேசிக் காட்டுறது ஊருக்கே தெரியும். வெள்ளிக்கிழமை அவரு வர்றாரு. பாத்தி போனதுக்கு நான்தான் பதில் சொல்லணும். இந்தச் சேர்ல உக்காரு. நீ முதலாளி. என்னத் திட்டு. நான் பதில் சொல்லிப் பாக்குறேன்."

என் தப்புக்கு நான் அவரைத் திட்ட வேண்டும்! எந்த ராக் பாட்டிலாவது இப்படி ஒரு நியாயம் உண்டா?

உட்கார்ந்தேன். தொண்டையைக் கனைத்தேன். "என்னய்யா நான்சென்ஸ்... மேனேஜரா நீ?"

"தப்பு," என்றார். "நான்சென்ஸ்னு சொல்லும்போது அவரு மூஞ்சப் பாக்க மாட்டாரு. போனப் பாத்துக்கினே சொல்வாரு."

பாவமாக இருந்தது. எத்தனை தடவை வாங்கியிருந்தால் இவ்வளவு துல்லியம் வரும்?

போனைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நிஜமாகவே வியர்த்தது.

"இஞ்சின்காரன் கவனிக்காம வுட்டுட்டான் சார்."

இதற்கு முதலாளி என்ன கேட்பார்? எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். கேட்காமல் விட்டால் ஒத்திகை பொய். கேட்டால் என் வாயாலேயே என் வேலைக்கு வேட்டு.

"அப்புறம் ஏன்யா இன்னும் அவன வெச்சிருக்க? மழைக்கும் அவன்தானா?"

மேனேஜர் என்னையே பார்த்தார்.

"கோமாளிதான் சார்," என்றார். "ஆனா அந்தப் பழைய இஞ்சின் வேற எவன் கைக்கும் ஸ்டார்ட் ஆவாது."

எனக்கு எழுந்து அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது. ஆனால் முதலாளி கும்பிடக் கூடாதே. போனைப் பார்த்துக்கொண்டே, "சரி, இருந்து தொலையட்டும்," என்றேன்.

வெள்ளிக்கிழமை நிஜ முதலாளி வந்தார். பாத்தி கரைந்த கதையை மேனேஜர் நடுங்கிக்கொண்டே சொன்னார். "அதுக்கென்ன, கடல் காலியாயிடுச்சா?" என்றார் முதலாளி. இது ஜோக்கா, கோபமா என்று புரிய இரண்டு விநாடி ஆனது. மேனேஜர் சிரித்தார். அதைப் பார்த்து மேஸ்திரி சிரித்தார். அதைப் பார்த்து நாங்கள் சிரித்தோம். எங்கள் அளத்தில் சிரிப்பு மேலிருந்து கீழேதான் பாயும், தண்ணீர் மாதிரி. நான் செவ்வாய்க்கிழமை அதைக் கீழிருந்து மேலே இறைக்கப் பார்த்தேன். இஞ்சின்காரன் புத்தி!

சனிக்கிழமை லிஸ்ட் ஒட்டினார்கள். என் பெயர் இருந்தது.

ஒரே ஒரு வருத்தம். அந்தச் சேரில் உட்கார்ந்திருந்தபோது, இஞ்சின்காரனுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு கொடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்... தோன்றவே இல்லை. முதலாளி ஆகிவிட்டால் தொழிலாளி ஞாபகம் வராது போல!